கம்பெனி லீஸில் மின்கார்: இன்சூரன்ஸ் படிவத்தில் வழுக்கும் இடங்கள்

பிரிட்டனில் சொந்தமாக ஒரு லிமிடெட் கம்பெனி வைத்திருக்கும் நம்மவர்கள், முக்கியமாக ஐடி கான்ட்ராக்டர்கள், கம்பெனி பெயரில் மின்சாரக் கார் லீஸ் எடுப்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. காரணம் வரிதான். கம்பெனி காரின் பட்டியல் விலையில் ஒரு பங்கை உங்கள் வருமானமாகக் கணக்கிடுவார்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு அது 25, 30 சதவீதம் என்று போய் 37 வரை ஏறும். மின்காருக்கு 2025-26ல் 3 சதவீதம், 2026-27ல் 4, 2027-28ல் 5. இந்தக் கணக்கை மாதக்கணக்கில் எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்பவர்கள், இன்சூரன்ஸை மட்டும் டெலிவரிக்கு முந்தின நாள் ராத்திரி சோபாவில் சாய்ந்தபடி போனிலேயே முடித்துவிடுகிறார்கள்.

நான் இப்படிப்பட்ட சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பவன். இன்சூரன்ஸ் விற்பது என் வேலை இல்லை. ஆனாலும் வண்டி இடிபட்டால் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. ரெனியூவலை மறப்பது, பழைய முகவரியைப் போடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷா வருஷம் புதிதாக வருபவர்கள் விடாமல் செய்கிற தவறுகள் வேறு.

‘ஓனர் யார்?’

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இந்த ஒரு கேள்விதான். விலை ஒப்பீட்டுத் தளத்தில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வரும்: காரின் சட்டப்படியான உரிமையாளர் யார்? ரெஜிஸ்டர்ட் கீப்பர், அதாவது அரசுப் பதிவில் காரை வைத்திருப்பவராகப் பெயர் உள்ளவர், யார்? இரண்டிலும் ‘நான்’ என்பதுதான் முதல் பதில். விரல் தானாக அங்கே போய்விடும்.

கம்பெனி பெயரில் எடுக்கும் கான்ட்ராக்ட் ஹையர் லீஸில் (மாத வாடகைக்கு ஓட்டி, முடிவில் திருப்பிக் கொடுப்பது), உரிமையாளர் ஃபைனான்ஸ் கம்பெனி. ரெஜிஸ்டர்ட் கீப்பரும் பெரும்பாலும் அவர்களே; வி5சி எனும் காரின் பதிவுப் புத்தகம் அவர்களிடம்தான் இருக்கும். லீஸ் எடுத்திருப்பது உங்கள் லிமிடெட் கம்பெனி. ஓட்டுகிறவர் மட்டும்தான் நீங்கள்.

ஸ்லவ் பக்கம் இருக்கும் ஒரு கான்ட்ராக்டர் தம்பியின் கார் எம்4 சாலையில் பின்னாலிருந்து வந்த வேனுக்கும் முன்னாலிருந்த லாரிக்கும் நடுவே நசுங்கியது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, கார் முடிந்தது. அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி வி5சி கேட்டபோதுதான் என்னைக் கூப்பிட்டார். “அண்ணா, ஓட்டுறது நான். கம்பெனியும் என்னோடது. அப்ப கார் என்னோடது இல்லாம யாரோடது?” வீட்டில் பேச இந்த நியாயம் சரி. சட்டத்தில் கம்பெனி தனி ஆள், நீங்கள் தனி ஆள். வரி விஷயத்தில் இதே வித்தியாசத்தை வைத்துத்தானே இவ்வளவு மிச்சம் பிடிக்கிறோம்?

தெரியாமல் தவறான பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதை 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கவனக்குறைவுதான், உண்மை தெரிந்திருந்தால் பிரீமியம் கூடியிருக்கும் என்றால், அதே விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கலாம். நீங்கள் கட்டியது 800 பவுண்டு, கட்டியிருக்க வேண்டியது 1,200 பவுண்டு என்றால், கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு. 30,000 பவுண்டு காருக்கு 10,000 பவுண்டு உங்கள் தலையில். உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று அவர்கள் காட்டிவிட்டால், கட்டிய பிரீமியத்தைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தலாம். எதிராளியின் நஷ்டத்துக்குச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. உங்கள் காரின் நஷ்டத்துக்குத்தான் யாரும் இல்லை.

ஆனால் உண்மையிலேயே தெரியாமல் செய்பவர்கள் பாதிப் பேர்தான் என்பது என் சந்தேகம். மற்றவர்கள் முதலில் சரியாகத்தான் பதில் சொல்கிறார்கள். ‘லீஸிங் கம்பெனி’ என்று தேர்ந்தெடுத்ததும் பட்டியலில் இருந்த பல பெயர்கள் காணாமல் போகின்றன, மிஞ்சியவர்களின் விலை ஏறுகிறது. உடனே பின்னால் போய் ‘நான்’ என்று மாற்றுகிறார்கள். விலை இறங்குகிறது, வாங்கிவிடுகிறார்கள். பதிலை இப்படி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த தடம் இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கவே மென்பொருள் வைத்திருக்கிறார்கள். அப்போது அது கவனக்குறைவு ஆகாது. வேண்டுமென்றே சொன்ன பொய் என்று முடிவானால் இழப்பீடும் கிடையாது, கட்டிய பணமும் பொதுவாகத் திரும்பாது.

கார் போனாலும் லீஸ் போகாது. முன்கூட்டியே முடிப்பதற்கான தொகையை ஃபைனான்ஸ் கம்பெனி கேட்கும். சின்னக் கம்பெனி என்பதால் டைரக்டரிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து வாங்கியிருந்தால், பணம் கேட்கும் கடிதம் கம்பெனியோடு நிற்காமல் உங்கள் வீட்டுக்கே வரும்.

சரி, எப்படித்தான் எடுப்பது? முதலில் லீஸ் ஒப்பந்தத்தில் காப்பீடு பற்றிய பத்தியைப் படியுங்கள். பாலிசி கம்பெனி பெயரில்தான் இருக்க வேண்டும் என்று சில ஒப்பந்தங்கள் கேட்கும். அப்படியென்றால் பேச்சே இல்லை, ஒரு புரோக்கர் மூலம் கம்பெனி பாலிசி எடுங்கள். அதற்கு 2015ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் பொருந்தும். கேட்காத விஷயத்தையும் முக்கியமென்றால் நீங்களாகவே சொல்ல வேண்டும். ஒப்பந்தம் அனுமதித்து, நீங்களும் மனைவியும் மட்டுமே ஓட்டுவதாக இருந்தால், தனிநபர் பாலிசி போதும், பெரும்பாலும் மலிவும்கூட. ஆனால் வாங்குவதற்கு முன்பே போன் செய்து, லீஸ் யார் பெயரில், கீப்பர் யார் என்று சொல்லி, ஏற்றுக்கொண்டதாக ஒரு மின்னஞ்சல் வாங்கிவிடுங்கள். லீஸ் விற்றவர் “எந்த காம்ப்ரிஹென்சிவ் பாலிசியும் ஓகே” என்பார். அவர் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

கிளையன்ட் ஆபீஸ் கம்யூட்டிங் ஆகாது

காரை எதற்கு ஓட்டுவீர்கள் என்றும் படிவம் கேட்கும். அதில் ‘கம்யூட்டிங்’ என்றால் பொதுவாக ஒரே நிரந்தர வேலையிடத்துக்குப் போய்வருவது. திங்கள் ரெடிங், புதன் மில்டன் கீன்ஸ் என்று கிளையன்ட்களிடம் போகிறவருக்கு ‘பிசினஸ் யூஸ்’, அதாவது தொழில் பயணத்துக்கான காப்பு, வேண்டும். வரிப் படிவத்தில் இதையெல்லாம் தொழில் பயணம் என்று எழுதிவிட்டு, இன்சூரன்ஸில் கம்யூட்டிங் என்று சொல்பவரை எந்தப் பக்கம் நின்று காப்பாற்றுவது? மனைவியும் டைரக்டராக இருந்து வேலைக்காக ஓட்டினால் அவர் பெயருக்கும் பிசினஸ் யூஸ் சேர்க்க வேண்டும். உங்களுக்கு இருப்பது அவருக்குத் தானாக வராது.

கேப் இன்சூரன்ஸ்

கார் முழுதாக நாசமானால் இன்சூரன்ஸ் தருவது அன்றைய சந்தை விலை. லீஸ் கம்பெனி கேட்பது அவர்கள் கணக்கில் உள்ள பாக்கி. மின்கார்களின் மறுவிற்பனை விலை மளமளவென்று இறங்குவதால் நடுவில் பள்ளம் விழுகிறது. அதை நிரப்புவதுதான் கேப். இந்தச் சந்தைக்கு நல்ல பெயர் கிடையாது: கட்டிய பிரீமியத்தில் வெறும் 6 சதவீதமே இழப்பீடாகத் திரும்பியது என்று கண்டு, 2024 பிப்ரவரியில் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ தலையிட்டு, சந்தையின் பெரும்பகுதியில் விற்பனையையே நிறுத்திவைக்கச் செய்தது. அதனால் ஷோரூமில் நீட்டியதை வாங்காதீர்கள். விலைக்கு வாங்கிய காருக்கான கேப் லீஸுக்கு உதவாது. கான்ட்ராக்ட் ஹையர் கேப் என்றே கேளுங்கள். ஆரம்பத்தில் மொத்தமாகக் கட்டிய வாடகையும் அதில் அடங்குமா என்று பாருங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

பிரீமியத்தில் வாட் திரும்பக் கேட்பது

அது வாட் இல்லை, 12 சதவீத காப்பீட்டு வரி. திரும்ப வராது.

வரிக்குப் பயந்து பிரீமியத்தைச் சொந்தக் காசில் கட்டுவது

கம்பெனி கட்டலாம். கம்பெனி காருக்கான வரியிலேயே அது அடக்கம். தனியாக வரி வராது.

சார்ஜிங் கேபிள்

கேபிள், வீட்டு வால்பாக்ஸ் (சுவரில் மாட்டிய சார்ஜிங் பெட்டி), நடைபாதையில் கிடக்கும் ஒயரில் யாராவது தடுக்கி விழுந்தால் வரும் பொறுப்பு: மூன்றும் பாலிசியில் இருக்கிறதா?

நோ க்ளெய்ம்ஸ் போனஸ்

இழப்பீடு கேட்காமல் ஓட்டிய வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி இது. கம்பெனி பாலிசிக்கு மாறினால் உங்கள் சொந்த போனஸ் தூங்க ஆரம்பிக்கும். பயன்படுத்தாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. லீஸோ மூன்று, நான்கு வருஷம். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் அதன் பாலிசியில் அதை உயிரோடு வைத்திருங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

லீஸ் முடியும் தேதியும் வண்டியை வந்து எடுத்துப்போகும் தேதியும் ஒன்றாக இருப்பது அபூர்வம். நடுவில் அது உங்கள் டிரைவ்வேயில்தான் நிற்கும், பொறுப்பும் உங்களுடையதுதான். எடுத்துப்போக வந்தவரின் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வாங்கி, அவர் தெரு முனையைத் தாண்டிய பிறகு பாலிசியை ரத்து செய்யுங்கள்.