இம்போர்ட் காரா, அமெரிக்கக் காரா? டைனோ போட்டி நடத்துவது எப்படி

ஜப்பானின் டொயோட்டா சுப்ராவா, அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங்கா? அமெரிக்காவில் கார் பிரியர்கள் கூடும் இடமெல்லாம் இந்தச் சண்டை உண்டு. ரோட்டில் ரேஸ் விட்டு உயிரைப் பணயம் வைக்காமல் தீர்த்துக்கொள்ள டைனோ போட்டிதான் நல்ல வழி. டைனோ என்ற இயந்திரத்தின் உருளைமேல் காரை ஏற்றிக் கட்டி, சக்கரத்துக்கு எத்தனை ஹெச்பி (குதிரைத்திறன்) வந்து சேர்கிறது என்று அளப்பது, அவ்வளவுதான்.

முதல் வேலை, எது இம்போர்ட், அதாவது வெளிநாட்டுக் கார், என்று எழுதி வைப்பது. தகராறு கிளம்புவதே இங்கேதான். டொயோட்டா கேம்ரி கென்டக்கியில் தயாராகிறது, டாட்ஜ் சேலஞ்சரோ கனடாவின் பிராம்ப்டனில் தயாரானது. அதனால் தொழிற்சாலையைப் பார்க்காமல், பிராண்ட் எந்த நாட்டில் பிறந்தது என்று பாருங்கள்.

அடுத்து பிரிவுகள். 6.2 லிட்டர் வி8 கார்வெட்டோடு 2 லிட்டர் சிவிக் டைப் ஆரை மோதவிடுவதில் அர்த்தமில்லை. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் உள்ளவை, இல்லாதவை, சக்தி கூட்ட நைட்ரஸ் வாயு போட்டவை என்று பிரியுங்கள். லிட்டருக்கு எத்தனை ஹெச்பி என்று தனியாக ஒரு பரிசு வைத்தால் சின்ன எஞ்சின்காரர்களும் ஆசையாக வருவார்கள்.

அப்புறம் டைனோ உள்ள கடை. எஞ்சின் சக்தி நாலு சக்கரத்துக்கும் போகும் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் மாதிரிக் கார் வரும் என்றால் நாலு சக்கரத்துக்கும் உருளை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். எல்லாக் காரும் ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் ஏற வேண்டும், ஏனென்றால் கனமான உருளையைச் சுழலவிட்டு அளக்கும் டைனோவும் பிரேக் மாதிரி எதிர்ப்புக் கொடுத்து அளக்கும் டைனோவும் ஒரே காருக்கு வேறுவேறு எண் காட்டும். வேறு கடையில் அளந்த சீட்டை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம், காற்று. வெயிலும் ஈரப்பதமும் எஞ்சின் சக்தியைக் குறைக்கும், அதை ஈடுகட்ட ஒரு திருத்தக் கணக்கு உண்டு. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 முறை 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைக்கிறது. எஸ்டிடி என்ற பழைய முறை கிட்டத்தட்ட 4 சதவீதம் கூட்டிக் காட்டும், அதனால் சீட்டில் எது அச்சாகியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்து ஊர் என்றால் இன்னும் கவனம்: டர்போ மெலிந்த காற்றைத் தானே ஓரளவு ஈடுகட்டிவிடும், அதன்மேல் திருத்தமும் சேர்ந்தால் அந்தக் காருக்கு இல்லாத சக்தி எழுதப்படும். அங்கே டர்போ கார்களைத் தனியாகவே வையுங்கள்.

போட்டியன்று டயர் பிளவு, எண்ணெய்க் கசிவு பார்த்த பிறகே காரை ஏற்றுங்கள். காரைக் கட்டும் பெல்ட்டை அதிகம் இறுக்கினால் டயர் உருளையில் அழுந்தி எண் குறையும், ஆகவே எல்லாக் காருக்கும் ஒரே ஆள் கட்டட்டும். விகிதம் 1:1-க்கு அருகிலுள்ள கியர் (பெரும்பாலும் நாலாவது), முன்னால் பெரிய விசிறி, ஆளுக்கு மூன்று ஓட்டம், இடையில் எல்லோருக்கும் ஒரே அளவு ஓய்வு. உருளை சுற்றும்போது காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம்.

மூன்று ஓட்டத்தின் சராசரியே முடிவு. சீட்டு வெளியே வந்தவுடன் எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த காரைக் கூப்பிடுங்கள்.