அரையாண்டு லீவும் வீட்டுப் படிப்பும்

டிசம்பர் கடைசியில் அரையாண்டு லீவு விட்டதும் சேலத்திலிருந்து சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாம் ஏற்காட்டுக்கு ஏறி வந்துவிடுவார்கள், அப்புறம் வீட்டிலேயே படிக்கும் நம் பிள்ளைகளை மட்டும் நோட்டோடு உட்கார வைப்பது நடக்காத காரியம். அந்த நாட்களில் புதுப் பாடம் எதையும் தொடாதீர்கள். காலையில் மூடுபனி விலகும்வரை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரியவள் கதை வாசிக்கட்டும், சின்னதுகள் கேட்கட்டும், அது போதும். கணக்குக்குக் காபிப் பழம் இருக்கிறது: அராபிகா என்ற காபி வகையில் சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டைதான் தேறும், அப்படியானால் இந்தக் கூடைக்கு எவ்வளவு என்று கேளுங்கள், வந்த பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும் (லீவிலுமா கணக்கு என்று முனகிக்கொண்டேதான்). ஈரத்துணி காயாத தொல்லை தனி. ஆளுக்கு ஒரு கலர் கிளிப் கொடுத்துவிடுங்கள், கொடியில் எது யாருடைய ஸ்வெட்டர் என்று சண்டை வராது.