ஜாம்பி நாவல் படித்துவிட்டு உருப்படியாகக் கருத்து எழுதுவது எப்படி

"செம விறுவிறுப்பு", "ஒரே மூச்சில் முடித்தேன்", "கடைசியில் சொதப்பிவிட்டார்". செத்தவர் எழுந்து வந்து ஆட்களைக் கடிக்கும் ஜாம்பி நாவல்களுக்கு வரும் வாசகர் கருத்துகளில் பாதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இவற்றைப் படித்து ஒருவர் காசு கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: கதை தான் வைத்த விதியைத் தானே மதிக்கிறதா, அதில் வரும் ஆட்கள் பயந்தவர்கள் நடந்துகொள்வதுபோல நடக்கிறார்களா.

இதற்குப் படிக்கும்போதே குறிப்பு எடுக்க வேண்டும். முடித்த பிறகு உட்கார்ந்தால் கடைசி ஐம்பது பக்கம்தான் மனதில் நிற்கும். அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் ஓட்டமும் வெட்டும் குத்தும்தான். நாவலின் தரம் தெரிவது அங்கே அல்ல.

ஒரு தாளை நாவலின் விதிகளுக்கென்று ஒதுக்குங்கள். எதனால் தொற்றுகிறது: கடியா, ரத்தமா, காற்றா, செத்தாலே எழுந்துவிடுமா? கடிபட்டவர் மாற எவ்வளவு நேரம்? எழுவது பிணமா, நோய் பிடித்த உயிருள்ள உடம்பா? நடக்கிறதா, ஓடுகிறதா? எப்படி அடித்தால் விழும்? ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணைக் குறியுங்கள். தலையில் அடித்தால்தான் சாகும் என்பது 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்திலிருந்து இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் பொதுச்சொத்தாகிவிட்டது. அதைக் காப்பி என்று திட்டவும் வேண்டாம், புதுமை என்று பாராட்டவும் வேண்டாம்.

அதிகமாக ஓட்டை விழுவது மாறும் நேரத்தில். பெயரில்லாத காவலர் அரை நிமிடத்தில் மாறுவார். நாயகனின் மனைவிக்கு மூன்று நாள் ஆகும், கண்ணீரோடு விடைபெறவும் நேரம் கிடைக்கும். இதைத் தவறு என்று எழுதுவதற்கு முன்னால், ஆசிரியர் காரணம் வைத்திருக்கிறாரா என்று தேடுங்கள். வெறிநாய்க்கடி நோயில் கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அதனால் முகத்தில் கடித்தால் சீக்கிரமும் காலில் கடித்தால் தாமதமாகவும் நோய் வெளிப்படலாம். இந்த மாதிரி ஒரு வரி நாவலில் இருந்தால் ஆசிரியர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார், அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று நம் ஊரில் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். நாவலில் ஒருவர்கூடக் கடிவாயைக் கழுவிப் பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதலாம்.

பிணமா உயிரா என்ற கேள்வியை எளிதாக விட்டுவிடாதீர்கள். பிணம் என்றால், சென்னையின் மே மாத வெயிலில் இரண்டு மூன்று நாளில் உடம்பு உப்பிவிடும், அதற்கு முன்பே புழு வைத்துவிடும். ஆறு மாதம் கழித்தும் அது கதவை உடைக்கிறது என்றால், தசை எப்படி மிஞ்சியது என்று ஆசிரியர் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். உயிருள்ள உடம்பு என்றால் அதற்குத் தண்ணீர் வேண்டும். குடிக்காமல் கத்திரி வெயிலில் அலையும் கூட்டம் ஒரு வாரத்துக்குள் விழுந்துவிடும். செத்தவர் எழுகிறார் என்ற முதல் பொய்யை நாம் ஒப்புக்கொண்டுதான் புத்தகத்தைத் திறக்கிறோம். அதற்கு மேல் வரும் ஒவ்வொன்றும் அந்தப் பொய்யோடு பொருந்த வேண்டும்.

கதையைச் சென்னைக்குக் கொண்டுவந்து பாருங்கள்

நாவல் எந்த ஊரில் நடந்தாலும் அதன் தூரத்தையும் தண்ணீரையும் நாட்கணக்கையும் நமக்குத் தெரிந்த தெருவில் வைத்துப் பார்த்தால் பிழை உடனே தெரியும். சென்ட்ரலிலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் நகரும் ஜாம்பிக்கூட்டம் நிற்காமல் வந்தால் ஒன்பதரை மணி நேரத்தில் வந்துவிடும், ஏனென்றால் அதற்குக் களைப்பு இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூட்டையோடு நடக்கும் குடும்பம் அந்தத் தூரத்தை ஒரே நாளில் கடப்பதே பெரும்பாடு. நீங்கள் படிக்கும் நாவலில் அதே மாதிரிக் குடும்பம் ஒரு நாளில் 60 கிலோமீட்டர் போனால் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் நல்ல உரைகல். நான்கு பேர் வீட்டில் மாடியில் 1,000 லிட்டர் தொட்டி. நகரங்களுக்கான திட்ட அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அப்படிச் செலவழித்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் என்று கட்டுப்பாடாக இருந்தால் 50 நாள் வரும். ஆக, நல்ல நாவலில் முதல் சண்டை குளியலைப் பற்றித்தான் வரும். கரண்ட் போனால் போர் மோட்டார் நின்றுவிடும், தெருமுனைக் கைப்பம்பு நிற்காது. ஆனால் அதன் கைப்பிடியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கீச்சென்று இரும்புச் சத்தம் எழும், தெருவே திரும்பிப் பார்க்கும். சத்தத்துக்கு ஜாம்பி வரும் என்பது விதியானால், ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை அடி அடிக்க வேண்டும் என்று கணக்குப் போடும் ஆள் அந்தக் கதையில் இருந்தாக வேண்டும். நிரம்பிய 20 லிட்டர் கேன் 20 கிலோவுக்கு மேல்; அதைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஓடி ஏறும் நாயகனை நம்பாதீர்கள். பெட்ரோலும் அப்படித்தான். சாதாரணக் கேனில் சில மாதம் கிடந்தால் கெட ஆரம்பித்துவிடும். இரண்டு வருடம் கழித்துச் சாலையோரக் காரைத் திருகியதும் வண்டி கிளம்புகிறது என்றால் அது ஓட்டை.

பரவும் வேகத்துக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு ஜாம்பியும் நாளுக்கு ஒருவரைக் கடிக்கிறது, கடிபட்டவர் மறுநாள் மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தொடங்கினால் 10-ம் நாள் 1,024, 20-ம் நாள் பத்து லட்சத்துக்கு மேல், 23-ம் நாள் சுமார் 84 லட்சம். 2011 கணக்கெடுப்பில் அப்போதைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 46 லட்சம். முதல் பத்து நாள் யாருக்கும் தெரியாமல் போவதாக எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதே விதியை வைத்துக்கொண்டு மூன்றே நாளில் நகரம் விழுவதாகக் காட்டினால், ஒவ்வொன்றும் நாளுக்கு 160 பேருக்கு மேல் கடித்திருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் நாவல் செத்துக் கிடக்கலாம். காரணம் ஆட்கள். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுக்காரர் கத்தியைத் தூக்குகிறாரா? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மீனவர்கள் படகைக் கொண்டுவந்து முன்பின் தெரியாதவர்களை மீட்டார்கள். 2020 ஏப்ரலில் இதே நகரத்தில் கொரோனாவில் இறந்த மருத்துவரை அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லால் அடித்தார்கள். தண்ணீர் சூழ்ந்தபோது சேர்ந்தவர்கள் தொற்று வந்தபோது விலகினார்கள். ஜாம்பிக் கதை தொற்றின் கதை. ஆகவே அதில் கொடுமை வருவதை நம்பலாம், ஆனால் அது சந்தேகத்தில் முளைக்க வேண்டும்: இவருக்குக் காய்ச்சலா, கையை ஏன் மறைக்கிறார், மாடிக்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது. அந்தச் சந்தேகம் வளரும் பக்கங்களை ஆசிரியர் எழுதியிருக்கிறாரா, நேரே கொலைக்குத் தாவிவிட்டாரா என்பதுதான் உங்கள் கருத்தின் நடுப்பகுதி. அதிக இடம் இதற்கே கொடுங்கள்.

எழுதும்போது

350 முதல் 500 சொல் போதும். முதல் பத்தியில் நாவல் எந்த வகை என்று சொல்லிவிடுங்கள்: ஓட்டமா, முற்றுகையா, எல்லாம் முடிந்து பல வருடம் கழித்து நடப்பதா. மெதுவாக நடக்கும் ஜாம்பி பிடிக்காதவர் அந்த வகை நாவலுக்கு ஒற்றை நட்சத்திரம் போடுவது நியாயமில்லை. உங்கள் ருசி எது என்பதையும் எழுதிவிட்டால் படிப்பவர் கழித்துக்கொள்வார். கதையை முதல் கால்பங்குக்கு மேல் சொல்லாதீர்கள். யார் கடிபடுகிறார் என்பதை எந்த இடத்திலும் சொல்லக் கூடாது, "அந்த அக்கா பாத்திரம் மனதைப் பிசைந்துவிட்டது" என்ற வரியே காட்டிக்கொடுத்துவிடும். பாராட்டுக்கு ஒரு காட்சி, குறைக்கு ஒரு காட்சி, இரண்டையும் விவரமாக எடுத்துக் காட்டினால் பத்து அடைமொழி தேவைப்படாது. குழந்தைக்கோ வளர்ப்பு நாய்க்கோ கொடுமை நடந்தால் தனி வரியில் எச்சரியுங்கள். தொடரின் முதல் பாகம் என்றால், முடிவு தொங்கலில் நிற்கிறது என்று சொல்லுங்கள், பலர் ஏமாறுவது இங்கேதான். மொழிபெயர்ப்பில் படித்திருந்தால் வாக்கியம் தடுக்குவதை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள்.

நண்பர்களோடு கூடிப் பேசுவதானால் ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். பேச்சைத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதி மடித்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் சத்தமாகப் பேசியவரின் கருத்தே எல்லாருடைய கருத்தாகிவிடும். சீட்டுகளைப் பிரித்ததும், ஒரே காட்சியை ஒருவர் புகழ்ந்தும் மற்றவர் திட்டியும் எழுதியிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இருவரும் அந்தப் பக்கத்தை எடுத்து வாய்விட்டுப் படிக்கட்டும், மற்றவர்கள் அதுவரை குறுக்கே பேச வேண்டாம்.