நாய், பூனையை டாக்டரிடம் கொண்டு போவதற்கு முன்பே நாம் சொதப்புகிற இடங்கள்

நாய்க்கும் பூனைக்கும் கிளினிக் என்றால் பலருக்கு அது வருஷத்துக்கு ஒரு ஊசி, படுத்துவிட்டால் ட்ரிப்ஸ், அவ்வளவுதான். அங்கே போவதற்குள் வீட்டிலேயே ஒரு வைத்தியம் நடந்து முடிந்திருக்கும், முக்கால்வாசி வில்லங்கம் அதில்தான்.

பூனைக்கு உடம்பு சுடுகிறதே என்று பாதி பாராசிட்டமால் கொடுப்பது இதில் மோசமானது. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் சரிவர இல்லை, அதனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, ஒரே மாத்திரையில் கதை முடிந்துவிடலாம். நாய்க்கு நம் வலி மாத்திரை இபுப்ரோஃபென் கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்கும் கேடு. நாய்க்கு விற்கிற உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை பக்கமே கொண்டு போகாதீர்கள், வலிப்பு வரும். ஏற்கெனவே கொடுத்துத் தொலைத்துவிட்டீர்களா? மாத்திரை அட்டையோடு உடனே ஓடுங்கள். மறைக்க வேண்டாம், டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

அடுத்தது, குட்டிக்கு ஒரு ஊசி போட்டதுமே தெருவில் நடக்க விடுவது. நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடச் சொல்வது காசுக்காக இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது, அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். பாதியில் விட்டால் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து ரத்தமாகப் பேதி போகும். ரேபிஸ் ஊசி இதில் சேராது, அதை 3 மாதத்தில் தனியாகப் போட வேண்டும். 'நாங்கள் வெளியே விடுவதே இல்லை' என்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினால் 'பணம் பிடுங்குகிறார்கள்' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எல்லா டெஸ்டும் அவசியமா என்று கேட்கலாம், தப்பில்லை, ஆனால் நம் ஊர் உண்ணிக்கு இந்த ஒன்றில் நான் பேரம் பேச மாட்டேன். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரிந்து மூக்கில் ரத்தம் வரும்வரை காத்திருப்பதில் என்ன லாபம்? உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக்கை வழக்கமாக 4 வாரம் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு வாரத்தில் நாய் சாப்பிட ஆரம்பித்ததும் நாமே நிறுத்திவிடுகிறோம்.

'ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் ஆபரேஷன்' என்பதும் வேண்டாத பேச்சு, உடம்புக்கு அப்படி ஒரு தேவையே கிடையாது. கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய் ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்த சில வாரத்தில் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சில சமயம் வெளியே ஒரு சொட்டுகூட வராது. இதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்று உட்காரக் கூடாது.

ஆபரேஷன் அன்று பாவம் பசிக்குமே என்று ஆட்டோவில் பிஸ்கட் ஊட்டாதீர்கள், மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அதற்காகச் சின்னக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போடவும் கூடாது, எத்தனை மணி நேரம் என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். பூனையை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கே அத்தனை நாய்களுக்கு நடுவில் அது உங்கள் தோளைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடும், மூடி போட்ட கூடை கட்டாயம்.