பயனர் அனுபவ வடிவமைப்பு: ஒப்படைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செயலி அல்லது இணையதளத்தின் வடிவமைப்புப் பணி முடியும்போது வாடிக்கையாளர் கைக்கு என்னென்ன வர வேண்டும்? பளபளப்பான திரைகள் போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அவற்றை வைத்து டெவலப்பர் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடர முடியாவிட்டால், அந்த ஒப்படைப்பு அரைகுறைதான்.

ஒப்பந்தத்தில் 'யுஎக்ஸ் வடிவமைப்பு' (பயனர் அனுபவ வடிவமைப்பு) என்று மொட்டையாக எழுதாதீர்கள். பயனர் ஆய்வு அறிக்கை, வயர்ஃபிரேம் (திரையின் கோட்டு வரைவு), புரோட்டோடைப் (இயக்கிப் பார்க்கக்கூடிய மாதிரி), சோதனை முடிவுகள் ஆகியவற்றில் எவை உண்டு, எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

நான் பெரிதாகக் கருதும் தவறு, எல்லாம் சரியாக நடக்கும் வழியை மட்டும் வரைந்து கொடுப்பது. ஓடிபி கேட்கும் திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கட்டங்கள், கீழே ஒரு பொத்தான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எண் வரவே இல்லை என்றால்? தவறாக அடித்தால் என்ன செய்தி தோன்றும்? மீண்டும் அனுப்பச் சொல்ல எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? நடுவில் இணையம் போய்விட்டால்? வடிவமைப்பாளர் இவற்றுக்கு விடை தராவிட்டால், டெவலப்பர் அவசரத்தில் தனக்குத் தோன்றியதை எழுதுவார். பயனர் தடுமாறி நிற்கும் இடமும் அதுவாகவே இருக்கும்.

யாரிடமும் பேசாமல் கற்பனையில் உருவாக்கிய பயனர் சித்திரங்களையும் (மாதிரிப் பயனர் பற்றிய விவரிப்புகள்) ஆய்வு என்று கொடுக்காதீர்கள். அதைவிட ஐந்து பேரை உட்கார வைத்துச் சோதிப்பது மேல். சிறு சோதனைகளை அந்த அளவில் பலமுறை நடத்தலாம் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இலேயே எழுதினார். அறிக்கையில் கண்ட குறைகளை எல்லாம் ஒரே தட்டில் வைக்காமல், பணம் செலுத்தவிடாமல் தடுக்கும் குறையை முதலிலும் எழுத்துப் பிழையைக் கடைசியிலும் வையுங்கள்.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலின் இடைநிலைத் தரமான ஏஏ நிலை. இதைக் கடைசி வாரத்தில் சரிபார்த்தால் வண்ணங்கள் முழுவதையும் மாற்ற நேரிடலாம்.

திரைகளை வரையப் பயன்படும் மென்பொருளான ஃபிக்மாவின் கோப்பைப் பார்வையிட மட்டும் அனுமதித்துவிட்டு விடைபெறுவதும் தவறே. திருத்தும் உரிமை வாடிக்கையாளரின் கணக்குக்கு மாற வேண்டும். எழுத்துருக்களுக்கும் படங்களுக்கும் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.