எடை மெஷினை மட்டும் நம்பினால் வரும் தவறுகள்

உடம்பைக் கவனிக்கணும் என்று முடிவெடுத்ததும் நிறைய பேர் முதலில் போய் நிற்பது எடை மெஷின் மேல்தான். அடுத்த நாளே நடைப்பயிற்சி தொடங்கும், இரவுச் சாப்பாடு பாதியாகும், ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததும் ஏக சந்தோஷம். மூன்றாவது வாரம் எண் அசையாமல் நின்றதும், நமக்கெல்லாம் இது ஒத்துவராது என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். எடையைக் குறைக்க நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் செய்கிற பயிற்சிக்குப் பலன் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்கிறோம் பாருங்கள், என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேர்த்து வைக்கிறது, அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்குகிறது. சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் முதலில் கரைவது இந்தக் கையிருப்புதான், கூடவே தண்ணீரும் வெளியேறும். கொழுப்பு கரைவதற்கு அவ்வளவு அவசரம் கிடையாது. ஆகவே முதல் வார வேகத்தை வைத்து மாதக் கடைசியில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது, நடந்தாச்சு, இனி எதைச் சாப்பிட்டாலும் சரிக்கட்டிவிடலாம் என்ற நினைப்பு. 65, 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் தோராயமாக 120 முதல் 150 கலோரி வரை செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. 330 மில்லி கோலா டின் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, அதாவது 140 கலோரி, அதைக் குடித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. எடை குறைய வேண்டுமென்றால் பெரும்பங்கு வேலை தட்டில்தான் நடக்கணும், நடந்தே எரித்துவிடலாம் என்று நினைத்தால் கணக்கு உதைக்கும்.

அப்படியானால் எதற்கு நடக்கணும் என்று கேட்கலாம். எடையில் தெரியாத பலன்கள்தான் உடற்பயிற்சியில் அதிகம். ரத்த அழுத்தம் இறங்குகிறது, தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் திறன் கூடுகிறது, தூக்கமும் மனநிலையும் மேம்படுகின்றன, இதயத்துக்கும் நல்லது. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர், இரட்டை மாடி பஸ்களில் வேலை செய்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி என்று தனியாக எதையும் செய்யவில்லை, அவர்கள் வேலையே அப்படி. எடை இறங்கவில்லை என்பதற்காக நடப்பதை நிறுத்துகிறவர்கள் இத்தனை பலன்களையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எண்ணை எப்படியாவது இறக்கியே தீருவது என்று பட்டினி கிடப்பது இன்னொரு தவறு. சாப்பாட்டை ரொம்பவும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான், உடம்புக்கு அப்படி இல்லை. முப்பது வயதுக்கு மேல் தசை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கிறது, அதோடு பட்டினியும் சேர்ந்தால் என்ன ஆகும்? கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். உடம்பை முன்னால் வீசி எழ வேண்டியிருந்தாலோ, கை தன்னாலேயே கைப்பிடியைத் தேடினாலோ, தொடைத் தசைக்கு வேலை கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்றிருக்கிறது. நாம் 150 நிமிடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதை வசதியாக மறந்துவிடுகிறோம். ஜிம்முக்குப் போய்த்தான் ஆகணும் என்றில்லை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, படி ஏறுவது இதெல்லாமே நல்ல தொடக்கம். புரதமும் தேவை. ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 0.8 கிராம். 60 கிலோ இருப்பவருக்கு 48 கிராம் ஆகிறது, ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். ஆகவே பருப்பு, பயறு, பால், மீன் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

தினமும் பத்தாயிரம் காலடி நடக்க முடியவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்த எண் 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவ அளவுகோல் இல்லை. வயதான பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே மூச்சில் நடக்கணும் என்பதும் இல்லை, சாப்பிட்டபின் பத்து நிமிடம் மெதுவாக நடப்பதுகூட ரத்தச் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் பார்த்துக்கொள்ளும். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள், நடுநடுவே எழுந்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் கலோரியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதும் சரிவராது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டது. இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கிட்டத்தட்ட சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், சாப்பிட்ட வேகமும் கூடுதல். வாயைக் கட்டத் தெரியாதவன் என்று தன்னையே திட்டிக்கொள்வதைவிட, வீட்டில் எந்தப் பாக்கெட் எல்லாம் கை எட்டும் இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது உருப்படியான வேலை. பழத்தைக் கடித்துச் சாப்பிடாமல் ஜூஸாகக் குடிப்பதும் இதே ரகம்தான், நார்ச்சத்து பெரும்பாலும் போய்விடும், சர்க்கரை மட்டும் வேகமாக உள்ளே போகும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கணும், அது ஒரு தேக்கரண்டிதான். பாக்கெட்டில் வரும் உப்பும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

கடைசியாக, பல வருடம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே ஓடாதீர்கள். பேச முடியணும், ஆனால் பாட முடியக்கூடாது, அதுதான் மிதமான வேகம். மறுநாள் தசையில் வரும் வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும், மூட்டு வீங்கினால் விஷயம் வேறு. நெஞ்சில் இறுக்கம், மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கும் பயிற்சியைக் கூட்டுவதற்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள், மருந்தின் அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.