இரண்டு அரியரோடு செமஸ்டர் எழுதப் போகிறவர்களுக்கு

நான்காம் செமஸ்டர். ஐந்து பேப்பர், அதோடு பழைய பாக்கி இரண்டு அரியர். ஏப்ரல்/மே டைம்டேபிள் வந்துவிட்டது. தூக்கம் வரவில்லை, புத்தகத்தைத் திறந்தாலும் ஒன்றும் ஏறவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி எதிலும், எந்த ஹாஸ்டலிலும் இந்த நிலையில் நாலு பேராவது இருப்பார்கள். இங்கே சொல்லும் மார்க் கணக்கு 2021 ரெகுலேஷன் தியரி பேப்பருக்கானது. தன்னாட்சிக் கல்லூரி என்றால், அல்லது வேறு ரெகுலேஷன் என்றால், எண்களை உங்கள் விதிப் புத்தகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான்.

முதல் வேலை படிப்பது அல்ல, எண்ணுவது. பயத்தில் பாதி, எவ்வளவு பாக்கி என்று தெரியாததால் வருவது. ஒரு ஏ4 தாளை எடுத்து ஏழு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் பாடம், தேர்வுத் தேதி, காலையா மதியமா, இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) எவ்வளவு, ஹாலில் எத்தனை வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். போனில் வேண்டாம், தாளிலேயே எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்.

கடைசிக் கட்டத்தை நிரப்புவது இப்படி. இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேர்வு நூறு மார்க்குக்கு நடந்து அறுபதுக்குக் குறைக்கப்படும். பாஸாக இரண்டு நிபந்தனை: மொத்தம் 50 வேண்டும், தேர்வில் மட்டும் நூற்றுக்கு 45 வேண்டும். நூற்றுக்கு 45 என்றால் அறுபதுக்கு 27. ஆக, இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஹாலில் 45 எடுத்தால் போதும். இன்டர்னல் 18தான் என்றால் அறுபதுக்கு 32 தேவை, அதாவது நூற்றுக்கு 54. இந்தக் கணக்கைப் போடாமலே பலர் எல்லாப் பேப்பரையும் ஒரே அளவு பயத்தோடு பார்க்கிறார்கள். போட்டுப் பார்த்தால் ஏழில் இரண்டோ மூன்றோதான் நிஜமாகவே ஆபத்தானவை என்று தெரியும். நேரத்தை அவற்றுக்குக் கொடுங்கள்.

அடுத்தது வினாத்தாள். பார்ட் ஏ-வில் பத்து டூ மார்க், யூனிட்டுக்கு இரண்டு. பார்ட் பி-யில் யூனிட்டுக்கு ஒரு 13 மார்க், (அ) அல்லது (ஆ). பார்ட் சி-யில் ஒரு 15 மார்க். (கணிதப் பேப்பரில் மட்டும் பார்ட் சி இல்லை, பார்ட் பி-யில் யூனிட்டுக்கு ஒரு 16 மார்க்.) "மூணு யூனிட் போதும் மச்சி" என்று சீனியர்கள் சொல்வார்கள். போதாது. மூன்று யூனிட்டின் 39 மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் 26. டூ மார்க்கில் 14 கிடைத்தால் மொத்தம் 40. ஐந்து மார்க்கில் போய்விடும். பார்ட் சி எந்த யூனிட்டிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது, அதை நம்பி இறங்க வேண்டாம். நான்கு யூனிட் படித்தால் அதே விகிதத்தில் 48, 49 வரும். ஐந்தாவது யூனிட்டில் டூ மார்க்கும், அடிக்கடி வரும் ஒரே ஒரு கணக்கு வகையும் பார்த்தால் போதும். தெரியாத கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். ஃபார்முலா, முதல் இரண்டு ஸ்டெப் எழுதினால் ஸ்டெப் மார்க் விழும்.

எந்த நான்கு? அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் எம்-3, அதாவது டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸை எடுத்துக்கொள்வோம். யூனிட் வரிசையில் போகிறவர்கள் முதல் யூனிட்டிலேயே பத்து வகைக் கணக்கில் சிக்கி நான்கு நாளைத் தொலைப்பார்கள். இரண்டாவது யூனிட் ஃபூரியர் சீரிஸில் ஆரம்பியுங்கள். காரணம் இருக்கிறது. மூன்றாவது யூனிட்டில் வரும் அதிரும் கம்பிக் கணக்கில், மூன்று தீர்வுகளில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து, எல்லை நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசியில் வந்து நிற்பது ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸில். அது இரண்டாவது யூனிட்டின் கணக்குதான். ஒன்றைப் படித்தால் இன்னொன்றில் பாதி கையில். பிறகு இசட் டிரான்ஸ்ஃபார்ம், அதன்பின் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம். ஃபூரியர் சீரிஸில் மார்க் போகும் இடம் பெரும்பாலும் ஒன்றே: பெர்னோலி ஃபார்முலாவில் பிளஸ், மைனஸ் மாறி மாறி வருவதைக் கோட்டை விடுவது. குறிகளை முதலில் வரிசையாக எழுதிவிட்டுப் பிறகு உள்ளே நிரப்புங்கள். மற்ற பாடங்களிலும் இப்படி ஒன்றையொன்று தாங்கும் இரண்டு யூனிட் இருக்கிறதா என்று தேடுங்கள்.

படிக்கும்போது கண் ஓட்டுவது படிப்பல்ல. தீர்த்த கணக்கைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், ஹாலில் முதல் வரி வராது. ஒரு கணக்கைப் பார்த்து முடித்ததும் நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் போடுங்கள். எந்த வரியில் நின்றுபோகிறதோ அந்த வரியை மட்டும் திரும்பப் பாருங்கள். 50 நிமிடம் இப்படி, 10 நிமிடம் எழுந்து நடப்பது. அந்தப் பத்து நிமிடத்தில் ரீல்ஸ் திறந்தால் அது நாற்பதாகும், அதனால் போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு நாளில் இப்படி எட்டு சுற்று ஒழுங்காக ஓடினால் நல்ல நாள். பன்னிரண்டு என்று திட்டம் போட்டு ஐந்தில் நின்றால் அந்தக் குற்ற உணர்ச்சி மறுநாளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நைட் அவுட் பெருமை வேண்டாம். படித்தது நினைவில் இறுகுவது தூக்கத்தில்தான். ஆறு மணி நேரத்துக்குக் கீழே போகாதீர்கள். படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும் எழும் நேரம் மாறக் கூடாது. டீ, காபி மாலை 4 மணியோடு நிறுத்துங்கள். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணி டீ தூக்கத்தை விரட்டும், கூடவே படபடப்பையும் ஏற்றிவிடும்.

ஹாலில் வினாத்தாளைப் பார்த்ததும் கை வியர்த்து, நெஞ்சு அடித்து, எல்லாம் மறந்த மாதிரி இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பத்து முறை. இரண்டு நிமிடம்கூட ஆகாது. மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பிறகு நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு டூ மார்க்கை எழுதுங்கள். வரிசையில் எழுத வேண்டியதில்லை, கேள்வி எண் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். 180 நிமிடத்தில் பார்ட் ஏ-க்கு 25, ஒவ்வொரு 13 மார்க்குக்கும் 24, பார்ட் சி-க்கு 25. மீதி 10 நிமிடம் சரிபார்க்க.

வெளியே வந்ததும் ஆன்சரை ஒப்பிடும் கும்பலில் நிற்காதீர்கள், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை அன்று மியூட்டில் போடுங்கள். எழுதியதை மாற்ற முடியாது, அடுத்த பேப்பர்தான் கெடும். ரிசல்ட் வந்து ஓரிரு மார்க்கில் போயிருந்தால் முதலில் விடைத்தாள் நகல், பிறகு ரீவேல்யூவேஷன். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள், தேதியைத் தவற விடாதீர்கள். அதை நம்பி அந்தப் பாடத்தைப் படிக்காமலும் இருக்காதீர்கள்.

இதெல்லாம் படிப்பின் அழுத்தத்துக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஒட்டாமல் இருந்தால் டைம்டேபிள் அதைச் சரிசெய்யாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகப் போய்க் காட்டலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். உடனே 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் சேவை அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அறையில் தனியாக இருக்காமல் பக்கத்து அறை நண்பனையும் எழுப்புங்கள். ரூம்மேட் அப்படிப் பேசினால் அவரைத் தனியே விடாமல் நீங்களே அழையுங்கள்.

இன்னொரு பாரம், வீட்டில் சொல்லாத அரியர். ஒவ்வொரு ரிசல்ட் நாளிலும் பொய்யைப் புதுப்பிக்கும் உழைப்பு, ஒரு பாடம் படிக்கும் உழைப்புக்குச் சமம். தேர்வுக்கு முந்தைய இரவு வேண்டாம், சாதாரண ஒரு ஞாயிறு மாலையில் யாரிடம் பேச முடியுமோ அவரிடம் சொல்லுங்கள். அழுகையும் விளக்கமும் இல்லாமல் மூன்றே விஷயம்: என்ன ஆனது, என்ன செய்யப் போகிறேன், உங்களிடம் என்ன வேண்டும். "அம்மா, போன செமஸ்டர்ல எம்-3 போயிடுச்சு. இந்த ஏப்ரல்ல மறுபடி எழுதறேன், தினமும் ரெண்டு மணி நேரம் அதுக்குன்னு ஒதுக்கியிருக்கேன். எக்ஸாம் ஃபீஸ் கட்டணும், அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நானே சொல்லட்டுமா?" திட்டு விழும். "கம்பெனிக்காரன் எடுப்பானா?" என்று அப்பா கேட்பார். பல நிறுவனங்கள் பார்ப்பது நேர்காணல் சமயத்தில் பாக்கி அரியர் இருக்கிறதா என்பதை. சில மட்டுமே பழைய வரலாற்றையும் கேட்கும். அதையும் அப்படியே சொல்லுங்கள், கூடவே அந்த ஏழு வரித் தாளைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.